இரண்டு அடுப்புள்ள வீடு

"வீட்டுல யாரு சமைப்பீங்க மேடம்?"

தில்லைநகரில் மாடுலர் கிச்சன் செய்துகொடுக்கும் கடையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இப்படித்தான் ஆரம்பித்தாள். வருகிற எல்லாரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மேடையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று முடிவு செய்ய அவளுக்கு அந்தப் பதில் வேண்டும். எதிரே நாங்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நான், என் கணவர், நடுவில் அவருடைய அம்மா. மூன்று பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று அந்தப் பெண் இன்னொரு தடவை கேட்டாள்.

கடைசியில் என் கணவர், "ரெண்டு பேரும்" என்றார். எந்த இரண்டு பேர் என்று சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நம் தலையில் கட்டிவிடுவார்.

எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தால்தான் அந்த மௌனம் புரியும். நான் மேலப்புதூரில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. நானும் மதம் மாறவில்லை, அவரும் மாறவில்லை. அந்த வயதில் அதைப் பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டோம். என் வீட்டில் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பா கேக் டப்பாவோடு வந்து வாசலில் நின்றார், அதோடு எல்லாம் சரியாகிவிட்டது.

அவர் வீட்டில் சண்டையே நடக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. சண்டை போட்டிருந்தால் என்றாவது சமாதானம் ஆகியிருக்கும். மாமியார் முதல் நாளே வாசலுக்கு வந்து "வாம்மா" என்று கூப்பிட்டார். நல்ல பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். எனக்கு டைபாய்டு வந்தபோது தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுப் போனார். ஊருக்குத் திரும்பிப்போய்த் தலைமுழுகியிருப்பார், அது எனக்குத் தெரியும், ஆனாலும் வந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்று ஆனபோது என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் என் கையால் சமைத்த எதையும், ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட, இத்தனை வருடத்தில் அவர் வாயில் வைத்ததில்லை.

பழம் மட்டும் வாங்கிக்கொள்வார். அதுவும் தோலோடு. உரிக்காத பழத்தை என் கை ஒன்றும் செய்துவிடாது போலிருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் நான் சீப்பு சீப்பாக வாங்கிக்கொண்டுபோன பூவன் பழத்துக்கு அளவே இல்லை. மருமகளாக வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே உரிமை வாழைப்பழம்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் மீனையும் கறியையும் விட்டேன். அம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஒரு பிடி பிடித்துவிட்டு வருவேன். பிறகு வெங்காயத்தையும் பூண்டையும் விட்டேன். ரசத்தை அவர்கள் சாத்தமுது என்பார்கள். அதை அவர்கள் பக்குவத்திலேயே வைக்கக் கற்றுக்கொண்டேன். அவர் அம்மா வைப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று என் கணவர் சொல்வார். அது பொய் என்று எனக்கும் தெரியும். மாமியார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சம்புடத்தில் தயிர்சாதத்தோடுதான் வருவார். நான் சமைத்ததை மூடியைத் திறந்து வாசனை பார்த்து, "பெருங்காயம் நன்னா விழுந்திருக்கு" என்பார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மாமனார் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அதன்பிறகு மாமியார் சித்திரை வீதியில் ஒரு வாடகைப் போர்ஷனில் தனியாக இருந்துவந்தார். இந்த வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இனிமேல் தனியாக விட முடியாது. ஆனால் பெருமாளை விட்டு அவர் காவிரியைத் தாண்டி வந்து குடியிருக்க மாட்டார். ஆகவே கருமண்டபத்தில் இருந்த நாங்கள் காவிரியைத் தாண்டிப் போகிறோம் என்று முடிவாயிற்று. அம்மா மண்டபம் சாலைப் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. தை பிறந்ததும் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு.

எனக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் காற்றோ வெளிச்சமோ அல்ல. ஒரே வீடு, ஒரே சமையலறை, மாமியார் கையோ ஓய்ந்துபோய்விட்டது. இனி எங்கே போவார்? முதலில் ஒரு டம்ளர் வெந்நீர், பிறகு காபி, பிறகு ஒரு நாள் சாத்தமுது சாதம். இப்படி ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஐம்பதை நெருங்குகிற பெண்ணுக்கு இது ஒரு ஆசையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பூச்சு முடியாத சிமெண்டுத் தரையில் மேடை இங்கே, அடுப்பு இங்கே என்று நானே சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்தபடியே காய் நறுக்க, மேடையின் ஓரத்தில் ஒரு பகுதியைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பது என் யோசனை.

அதைத்தான் அந்தச் சனிக்கிழமை கடைப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கையோடு திரையில் வரைந்துகொண்டே வந்தாள். சுறுசுறுப்பான பெண். கழுத்தில் மெல்லிய சங்கிலியும் அதில் ஒரு சின்னச் சிலுவையும் இருந்தன. எந்த மாதா கோயில், எந்தப் பங்கு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது, மாமியார் பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை. திரையில் சந்தன நிறக் கதவுகளோடு ஒரு சமையலறை எழுந்து நின்றது. சுற்றிச் சுற்றிக் காட்டினாள். சினிமாவில் வருகிற வீடு போல இருந்தது. தாழ்ந்த பகுதிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்கூடப் போட்டிருந்தாள்.

மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்தார். "ரொம்ப லட்சணமா இருக்கு" என்றார். பிறகு திரையின் ஓரத்தில் விரலை வைத்து, இந்த இடத்தில் என்ன வரும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அது சமையலறைக்குப் பின்னால் கம்பி போட்ட சின்ன இடம். வாஷிங் மெஷின் வைப்பதற்கு என்றாள் அவள்.

"எனக்கு அது போறும்" என்றார் மாமியார். "ஒரு அடுப்பு, ஒரு குழாய். மெஷினை வேற எங்கயாவது வெச்சுக்கலாம்."

மாமியார் பெரிய சமையலறையை எடுத்துக்கொண்டு என்னை அந்த மூலைக்கு அனுப்பியிருந்தால் நான் ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். அவரோ எழுபத்தெட்டு வயதில், மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு, துணி துவைக்கிற மூலையில் நின்று தனக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி வடித்துக்கொள்கிறேன் என்கிறார். கோபத்தைக்கூட எங்கே கொண்டுபோய் வைப்பது? அதோடு ஊர் என்ன சொல்லும்? அந்தக் குடியிருப்பு முழுக்க ஸ்ரீரங்கத்துக்காரர்கள். மாமியாரைப் பால்கனிக்குத் தள்ளிய கிறிஸ்தவ மருமகள் என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் நான் அந்த லிஃப்டில் ஏறி இறங்க வேண்டும்.

முடியவே முடியாது, ஒரே சமையலறைதான் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் கணவர் கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொல்லுங்கள் என்று அவரை இழுத்தேன். "அம்மா இஷ்டம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டமும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். கடைப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு அடுப்பு, இரண்டு தொட்டி, இரண்டு ஃபிரிட்ஜுக்கு இடம் என்று ஸ்ரீரங்கம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்பார்கள், அதற்கும் வரைந்துகொடுக்கிறேன் என்றாள். பால், தயிர் இருக்கிற இடத்தில் சாதத்தை வைத்தால் பத்தாகிவிடும் என்று நினைக்கிற வீடுகள் அவை. அதாவது வடித்த சாதம் பட்டால் மற்றது சுத்தம் கெட்டுவிடும். திங்கட்கிழமைக்குள் எது என்று சொன்னால் போதும் என்றாள்.

அவள் இரண்டாவது படம் வரைவதற்குள் மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. காலையில் சீக்கிரமே சாப்பிட்டுக் கிளம்பியவர், நேரமோ உச்சி தாண்டிவிட்டது. அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள். கடையில் பார்வைக்கு வைத்திருந்த சமையலறையில் மின் அடுப்பு ஒன்று உண்மையாகவே வேலை செய்யும். அதில் பாலைக் காய்ச்சி, காபி கலந்து, காகிதக் கோப்பைகளில் எடுத்து வந்தாள். அவங்க வெளியில எதுவும் சாப்பிட மாட்டாங்க என்று பழக்கதோஷத்தில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மாமியார் இடது கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டார். அண்ணாந்து, உதட்டில் படாமல், முழுவதையும் குடித்தார்.

"நன்னா இருக்கு, கொழந்தே" என்றார்.

நான் மீனை விட்டேன், கறியை விட்டேன், பூண்டை விட்டேன். இவள் நேற்று இரவு என்ன சாப்பிட்டாள் என்று யாருக்குத் தெரியும்? கழுத்தில் சிலுவை தொங்குகிறது. குனிந்து கோப்பையைக் கொடுக்கும்போது அது மாமியாரின் முகத்துக்கு நேரே ஆடியது. என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மனசு எவ்வளவு கேவலமானது பாருங்கள். வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கோபமே ஆசையாக மாறிவிட்டது. இந்தப் பெண் கையால் காபி குடித்துவிட்டார். அப்படியானால் சிலுவை தடை இல்லை. வேறு சாதி, வேறு மதம் என்பதும் தடை இல்லை. பிறகு என்ன தடை? ஒன்றும் இல்லை, யாராவது முதலில் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருடம் மாட்டார் மாட்டார் என்று நினைத்து நான்தான் நீட்டாமல் இருந்துவிட்டேன் போலிருக்கிறது. கணக்கு டீச்சருக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு புது ஃபிளாஸ்க்கும், எவர்சில்வர் டம்ளரும், புது காபி ஃபில்டரும் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூசைக்குப் போவது என் வழக்கம். அன்று போகவில்லை. மணி அடித்தபோது நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாளே துவைத்து, யாரும் தொடாமல் தனியாக உலர்த்தி வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் வீட்டில் அதற்கு மடி என்று பெயர். அந்தப் புடவையோடுதான் மாமியார் சமைப்பார், பெருமாளுக்குப் படைப்பார். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, புது ஃபில்டரில் டிகாஷன் இறக்கி, பிரிக்காத பால் பாக்கெட்டைக் கழுவித் துடைத்துப் பிரித்து, காபி கலந்தேன். ருசி பார்க்கவில்லை. பார்த்தால் எச்சில் ஆகிவிடும். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆண்டவரே, இது ஒன்று மட்டும் நடக்கட்டும் என்று அடுப்புக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஃபிளாஸ்க்கைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம். அம்மாவ அப்படியே விட்டுடேன்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். சும்மாதான் சொன்னேன் என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடப் போய்விட்டார்.

ஸ்ரீரங்கம் போய் மாமியாரை ஏற்றிக்கொண்டு, முதலில் மேலப்புலிவார்டு ரோட்டில் மரச்சாமான் கடைக்குப் போனோம். சாப்பாட்டு மேஜை பார்க்க வேண்டும். அவர் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தார். சாய்மானம் சரியில்லை, இது முதுகைக் குத்தும், இது வழுக்கும் என்று எனக்காகப் பார்த்துப் பார்த்துக் கழித்தார். ஆறு நாற்காலி போட்ட மேஜை ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அவர்தான் நாலு போதும் என்றார். நீங்கள் இரண்டு பேர், யாராவது வந்தால் இரண்டு பேர் என்றார். தன்னைச் சேர்க்கவில்லை. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையில் ஃபிளாஸ்க் இருந்தது, அந்தத் தைரியத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நாலு நாற்காலிக்கே பேசி முடித்தோம்.

அங்கிருந்து பெரிய கடைவீதிக்குப் பாத்திரம் வாங்கப் போனோம். வண்டியைத் தெருவுக்குள் கொண்டுபோக முடியாது. தூரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். மாமியார் தனக்கு ஒரு வெண்கலப் பானை, இரண்டு அடுக்கு, கரண்டி, ஒரு குடம் எடுத்தார். எல்லாவற்றையும் சின்னதாகவே எடுத்தார். எனக்கும் சேர்த்துத் தட்டிப் பார்த்து, அடி கனமாக இருப்பதாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பாத்திரத்தில் பெயர் வெட்ட வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். பெயர் வேண்டாம், தன்னுடையதில் மட்டும் ஒரு சங்கு போட்டுவிடுங்கள், கலந்துவிடக் கூடாது பாருங்கள் என்றார் மாமியார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பாத்திரங்களை உள்ளே அனுப்பினார். வெட்டி முடிக்க நேரமாகும் என்றதால் என் கணவர் வண்டியை எடுத்து வரக் கிளம்பினார். நாங்கள் இருவரும் கடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்தோம். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் காதைத் துளைத்தது.

நல்ல வெயில். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதுதான் நேரம் என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து, புது டம்ளரில் காபியை ஊற்றி நீட்டினேன். மணம் நன்றாக வந்தது.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை நீளவில்லை.

"வேண்டாம்மா" என்றார்.

நான் விடவில்லை. நேற்று அந்தப் பெண் கொடுத்ததைக் குடித்தீர்களே என்றேன். அவளும் என்னைப் போலத்தானே, கழுத்தில் சிலுவை கிடந்ததே, நீங்கள் பார்த்தீர்களே என்றேன். அவர் மறுக்கவில்லை. பார்த்தேன் என்றார். அவள் யாரோ, குடித்தேன், எழுந்து வந்துவிட்டேன், அதோடு போயிற்று என்றார். நான் தலைக்குக் குளித்து மடியாகச் செய்தது, எல்லாம் புதுசு, ருசிகூடப் பார்க்கவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகக் கெஞ்சுகிற பிள்ளைகளை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்.

"தெரியறது. உன் தலை இன்னும் காயல" என்றார்.

உள்ளே மெஷின் நின்று மறுபடி ஓடியது. பிறகு என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு, "உன் மாமனார் கேட்டார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

மாமனாருக்கு என்னைப் பிடிக்கும். செய்தித்தாளில் வரும் எண் கட்டத்தை நிரப்ப என்னைத்தான் கூப்பிடுவார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளறையில் படுத்திருந்தார். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்து போகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவது, மருந்து வாங்கி வருவதுதான் என் வேலை. உள்ளே ஒரு வேலையும் எனக்குக் கிடையாது. அந்த நாட்களில் ஒரு காலை என்ன நடந்தது என்பதை மாமியார் இப்போதுதான் சொன்னார்.

"அவ கையால ஒரு வாய் காபி போட்டுத் தரச் சொல்லேன்னார். இத்தனை நாளா கேக்கல, இப்பவாவது குடேன்னார். டாக்டர் காபி குடுக்கப்படாதுன்னுட்டார்னு சொன்னேன். பொய். டாக்டர் எது கேட்டாலும் குடுங்கோன்னுதான் சொல்லியிருந்தார். அவர் என்னையே பார்த்துண்டிருந்தார். பொய்யின்னு அவருக்கும் தெரியும். அப்புறம் அவர் என்கிட்ட எதுவுமே கேக்கல. தீர்த்தம்கூடக் கேக்கல, நானாத்தான் விட்டேன்."

நான் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நீ கூடத்துலதான் இருந்தே. ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பே" என்றார். "இப்போ இத நான் வாங்கிக் குடிச்சுட்டா, அன்னிக்கு அவருக்கு மட்டும் ஏன் இல்லேன்னேன்? குடிக்கலாம்னா அன்னிக்கே குடிச்சிருக்கலாமே அவர். அத வெச்சுண்டு நான் எப்படிம்மா இருக்கறது?"

எனக்கு முதலில் வந்தது மாமனார் ஞாபகம்தான். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையால் வாழ்நாளில் கேட்ட ஒன்றே ஒன்று என் காதுக்கு வரவேயில்லை. பாத்திரங்களுக்கு நடுவில், கடைக்காரர் பார்க்கப் பார்க்க அழுதேன். மாமியார் இடது கையை நீட்டி என் ஈரத்தலையைத் தொட்டார். அவரும் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

என் மதம் காரணம் என்றால் வாதாடலாம். என் கை சுத்தமில்லை என்றால் இன்னும் ஆயிரம் தடவை குளிக்கலாம். வெறுப்பு என்றால் காத்திருக்கலாம், வெறுப்புக்கு வயதாகும். இது அதில் எதுவுமே இல்லை. என் டம்ளரை அவர் ஒரு நாள் வாங்கிக்கொண்டால், சாகப்போகிற மனுஷனுக்கு ஒரு வாய் காபியைக் காரணமே இல்லாமல் மறுத்தவர் என்று ஆகிவிடுவார். அதைச் செய்தவராக உயிரோடு இருக்க அவரால் முடியாது. ஆகவே அவர் சரியாக இருந்தாக வேண்டும், கடைசிவரை. நான் எவ்வளவு நல்லவளாக இருக்கிறேனோ அவருக்கு அவ்வளவு கஷ்டம். நான் மீனை விட்டதும் பூண்டை விட்டதும் அவரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

அவர் என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. மாமனார் முகம் குறுக்கே வந்து நிற்கிறது. கையிலிருந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. நானே குடித்தேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

வெட்டி முடித்த பாத்திரங்களைக் கொண்டு வந்து வைத்தார்கள். மாமியார் ஒவ்வொன்றாக எடுத்துச் சங்கு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. அவரால் குடத்தைத் தூக்க முடியவில்லை, நான்தான் தூக்கிக்கொண்டேன். வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காவிரிப் பாலத்தில் வழக்கம்போல நெரிசல். எல்லாம் வாங்கியாயிற்றா என்று என் கணவர் கேட்டார். ஆயிற்று என்றோம் இருவரும்.

அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவருக்கு முன்பே தெரியுமா என்றும் கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்று விட்டுடேன் என்று சொன்னாரே, அது தெரிந்து சொன்னதா, சும்மா சொன்னதா? கேட்டால் பாதிதான் சொல்வார். மீதியைத் தாங்குகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் டீச்சர்கள் அறையிலிருந்து கடைக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். இரண்டாவது படத்தையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இடம் மட்டும் மாற வேண்டும் என்றேன். பெரிய சமையலறை பாட்டிக்கு, வாஷிங் மெஷின் இடம் எனக்கு. மாற்றிச் சொல்கிறேனோ என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்றேன். அந்தப் பக்கம் வெயிலில் சட்டிபோலக் கொதிக்குமே, நின்று சமைக்க முடியாதே என்றாள். பரவாயில்லை என்றேன். தாழ்வாகக் கேட்ட மேடை அப்படியே இருக்கட்டும், அவர் உட்கார்ந்து காய் நறுக்குவார் என்றும் சொன்னேன்.

நடுவில் ஒரு கதவும் வேண்டும் என்றேன். கண்ணாடிக் கதவு போட்டால் வெளிச்சம் வரும், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பேசிக்கிட்டே வேலை செய்யலாம் மேடம் என்றாள் அந்தப் பெண். தினமும் காலையில் நான் காபி கலப்பதை அவர் பார்க்க வேண்டியதில்லை. மரக்கதவே போட்டுடுங்க என்றேன்.